துணைக்கு ஆள்

"நான் என்ன பார்சலா, கண்ட ஆள் கையில குடுத்து விடறதுக்கு?" என்று தர்ஷினி கேட்டாள். வரிசையில் முன்னும் பின்னும் நின்ற இருபது பேருக்காவது அது கேட்டிருக்கும். திருச்சி விமான நிலையத்தின் வாசல் கதவில் துப்பாக்கியோடு நின்ற வடக்கத்திக் காவலருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் குரலிலேயே சங்கதி புரிந்திருக்க வேண்டும், மீசைக்குள் சிரித்துக்கொண்டார். சிரிக்க என்ன இருக்கிறது, இந்த வேலைக்கு உன்னை வண்டியேற்றி விட்ட அன்றைக்கு உன் அம்மாவும் எதிர் சீட்டுக்காரரிடம் சொல்லித்தானே அனுப்பியிருப்பாள் என்று ஹேமலதா மனசுக்குள் அவரையும் ஒரு குத்துக் குத்திவிட்டு, மகளிடம், "மெதுவாப் பேசு, இது என்ன மீன் மார்க்கெட்டா?" என்றாள். "நீ மெதுவாப் பேசினியாம்மா? பொண்ணு தனியாப் போறா, முதல் தடவை, கொஞ்சம் பாத்துக்குங்கன்னு மைக் வச்ச மாதிரி சொன்னியே, அது? எனக்கு இருபத்தோரு வயசு. வியட்நாமுக்கு டிக்கெட் போட்டது நான், விசா வாங்கினது நான், ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்து சேத்த காசு என்னது. இப்ப வந்து என்னை யார்கிட்டயோ ஒப்படைக்கிற." யாரோ என்றால் இரண்டடி முன்னால் நின்ற மனுஷர். மணமேல்குடிக்காரர், பெயர் சாகுல் அமீது, கோலாலம்பூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகிறார், கூட மனைவி, கூடவே நைலான் கயிறு சுற்றிய இரண்டு அட்டைப்பெட்டிகள். இவ்வளவையும் ஹேமலதா நாலே நிமிஷத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். தர்ஷினியும் கோலாலம்பூரில் இறங்கித்தான் வேறு விமானம் மாறி ஹனோய் போக வேண்டும். "அதுக்கென்னக்கா, அது வரைக்கும் நம்ம புள்ள மாதிரி கூட்டிட்டுப் போயிர்றோம்" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் இந்தப் பார்சல் வெடித்தது. பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று. "விடுங்கக்கா, புள்ள வெவரமாத்தான் இருக்கு" என்றார். அவர் மனைவிதான் சிரித்தாள். "எங்களயே மருமவன் வந்து கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. நாங்க யாரப் பாத்துக்க?" என்றவள், புருஷன் சட்டைப் பையிலிருந்து போனை உருவித் தர்ஷினியிடமே நீட்டினாள். "பாப்பா, இந்த மலேசியா ஃபாரத்துல எங்கயோ செவப்பா விழுது, ஒரு எட்டுப் பாரேன்." அவ்வளவுதான், முகமே மாறிவிட்டது மகராசிக்கு. "குடுங்க ஆன்ட்டி. அங்கிள், பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, அவசரமே இல்ல." தேன். வீட்டில் ஒரு ஃபேன் ஸ்விட்சைப் போடச் சொன்னால் முள்ளாய்க் குத்துகிற அதே வாய். ஃபாரத்தைச் சரிசெய்து கொடுத்து, அட்டைப்பெட்டி ஒன்றைத் தானே வண்டியில் தூக்கி வைத்து, அந்தத் தம்பதியை முன்னால் விட்டுப் பின்னாலேயே கதவுக்குள் போனாள். வரேம்மா என்று சொல்லவில்லை. திரும்பவும் இல்லை. முதுகில் அந்தப் பச்சைப் பை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

கண்ணாடிக்கு வெளியே, வழியனுப்ப வந்தவர்களுக்காகப் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் ஹேமலதா உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டுக்குப் பத்து. விமானம் ஒன்று நாற்பதுக்கு. பெஞ்சின் சூடு புடவையைத் தாண்டி ஏறியது. ஏறட்டும், எழுந்து எங்கே போவது. கணவர் முரளிதரன் ஆபீசிலிருந்து கூப்பிட்டார். "உள்ள போயிட்டாளா? அப்புறம் அங்க என்ன பண்றே? வெயில் கொளுத்துது, ஒரு ஆட்டோவப் புடிச்சு வீட்டுக்குப் போ." "போறேன்." "எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்காத, இன்னிக்கு இங்க ஒருத்தர் ரிட்டயர்மென்ட், பிரியாணி." வைத்துவிட்டார். ஆக, காலையில் நாலரைக்கு எழுந்து வைத்த வெங்காய சாம்பாருக்கு இன்றைக்கு ஆளில்லை. தர்ஷினியும் வேண்டாம் என்றுவிட்டாள், பிரயாணம் பண்ணும்போது வயிறு காலியாக இருக்க வேண்டுமாம், எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று தெரியவில்லை. உறையூர் வீட்டுச் சமையலறையில் மூடி போட்ட பாத்திரம் ஒன்று தனியாக ஆறிக்கொண்டிருக்கும். சரி, அது கிடக்கட்டும், விஷயம் அதில்லை, விஷயம் ஒன்று நாற்பது. அதற்குள் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும். ஸாரி வேண்டாம், ஸாரி கேட்கிற வம்சம் இல்லை இது, ரெண்டு பக்கமும் இல்லை. சும்மா ஏதாவது. உள்ளே ஏசி ஜாஸ்தி என்று சொன்னாலும் போதும். ஒன்று நாற்பதுக்கு விமானத்தின் கதவைச் சாத்தி போனை அணைக்கச் சொல்லிவிடுவார்கள், அதன்பின் பதினோரு நாளைக்கு அவள் எப்போது, எங்கே, எந்த வைஃபையில் கிடைப்பாளோ. கடைசியாக அவள் என்னிடம் சொன்ன வாக்கியம் பார்சலாக இருக்கக் கூடாது. கடைசியாக என்று நினைத்தாள், நினைத்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள், அதென்ன கடைசி, யார் உன்னை அந்த வார்த்தையை எடுக்கச் சொன்னது, விமானம் என்ன முதல் தடவையா பறக்கிறது, தினம் பறக்கிறது, டவுன் பஸ் மாதிரி போய்விட்டு வருகிறது. டவுன் பஸ்ஸும் கவிழ்கிறது. வாயை மூடு. நான் என்ன பார்சலா. பார்சல் இல்லைடி, பார்சலாக இருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமே, பார்சலுக்கு ரசீது உண்டு, இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று நம்பர் தட்டிப் பார்க்கலாம், போய்ச் சேர்ந்தவுடன் கையெழுத்து வாங்கியாயிற்று என்று செய்தி வரும். பார்சலுக்குக் கோபம் வராது. ஹேமலதா போனைத் திறந்து மூடினாள். இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

எழுதலாம். கோபமாக இருக்கும்போது எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்ட்டில்லா சொல்லுவார், அதனால்தான் சிஸ்டரின் கோபமெல்லாம் பிராக்ரஸ் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது. தர்ஷு, என்று அடித்தாள். பாஸ்போர்ட்டை விடுதிக்காரர்கள் கேட்டால் வாங்கிக்கொண்டு எப்போது திருப்பித் தருவார்கள் என்று அங்கேயே நின்று கேள், வெட்கப்படாதே, உன் வாய் எங்களிடம்தான் நீளும், வெளியில் பூனை. எட்டுக் கட்டில் போட்ட அறை என்றாய், கீழ்க்கட்டிலாகக் கேள், மேல்கட்டில் என்றால் நடுராத்திரி பாத்ரூம் போக ஏறி இறங்கும்போது மற்ற ஏழு பேரும் முழித்துக்கொள்வார்கள். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. விடுதியின் விலாசத்தை அவர்கள் எழுத்திலேயே ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிப் பையில் வை, போன் செத்துப்போனால் காகிதம் பேசும். நாப்கின் பையின் அடியில் பழுப்புக் கவரில் இருக்கிறது, ரெண்டு நாள் கூடவே வைத்திருக்கிறேன். சூப்பில் மீன் ரசம் ஊற்றாமல் அங்கே கையே நனைக்க மாட்டார்கள், காய்கறிதானே என்று ஏமாறாதே, சைவம் வேண்டுமென்றால் ஆன் சாய் என்று சொல். ஹனோயில் ரோட்டைக் கடக்கும்போது நின்று நின்று பார்க்காதே, ஒரே சீராக நட, நீ சீராக நடந்தால் ஆயிரம் ஸ்கூட்டரும் உன்னைச் சுற்றிக்கொண்டு போகும், பயந்து பின்வாங்கினால்தான் இடிப்பார்கள். இதெல்லாம் ஹேமலதாவுக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாதமாகப் பூண்டு உரிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து ஒரு திருப்பூர்ப் பையன் வியட்நாம் சுற்றுவதை முப்பது வீடியோவாகப் பார்த்திருந்தாள். வீடுகளுக்கு நடுவே ரயில் போகும் தெரு எது, முட்டை போட்ட காபி எந்தச் சந்தில், எல்லாம் அத்துப்படி. ஒருநாள் வரைபடத்தை வைத்துக்கொண்டு தர்ஷினி திணறியபோது, ஏரிக்கு வடக்கே போடி, அங்கதான் பழைய கடைத்தெரு, என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். "யூட்யூப்ப பாத்துட்டு வந்து எனக்கு வகுப்பு எடுக்காதம்மா, நீ திருச்சி தாண்டினா திருப்பதி, அவ்ளோதான்" என்று பதில் வந்தது. பொய்யில்லையே, கோபப்பட என்ன இருக்கிறது. திருப்பதி, ராமேஸ்வரம், நாத்தனார் வீட்டுக்குப் பெங்களூர், அங்கேயும் குக்கர்தான். அடித்ததைப் படித்துப் பார்த்தாள். ஒன்றரைப் பக்கம். இதை அனுப்பினால் அவள் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புவாள். எந்தப் பத்தியையும் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கலாம் பெண்களே, சுருங்காத அளவுக்கு முக்கியமான விஷயம் உலகத்தில் இல்லை என்பார் சிஸ்டர். வெட்டினாள். நாப்கின் போயிற்று, கட்டில் போயிற்று. மறுபடி வெட்டினாள். மீன் ரசம் போயிற்று, ஸ்கூட்டர்கள் போயின. இன்னொரு தடவை வெட்டியபோது பார்த்து இரு என்று இரண்டு வார்த்தை மிஞ்சியது. இரு எதற்கு, அவள் போகிறவள்தானே, அதையும் வெட்டினாள். பார்த்து. ஒரே வார்த்தையாக, கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு மாதிரி. அதையும் அனுப்பவில்லை.

பார்த்துக்குங்க என்று ஒருவரிடம் சொல்வது அவ்வளவு பெரிய குற்றமா. பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றிவிட வந்தவர்கள் காலம் காலமாகச் சொல்வதுதானே, யார் எவர் என்று தெரியாது, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பிள்ளை தனியா வருது, கொஞ்சம் பாத்துக்குங்க, எதிரில் இருப்பவரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, நாங்க இருக்கோம் நீங்க போங்க என்பார், அத்தோடு முடிந்தது, இரண்டு பக்கமும் நிம்மதி. அந்த ஒரு வாக்கியத்துக்கு ஆள் கிடைக்காமல்தான், தொண்ணூற்றைந்தில், மே மாதம், இதே திருச்சியில், ஜங்ஷனில். வேண்டாம், அதை இப்போது எதற்கு. ஆனால் வந்துவிட்டது, நீலச் சூட்கேஸோடு வந்துவிட்டது. பி.ஏ. இரண்டாம் வருஷம். பள்ளியை விட்ட பிறகும் சிஸ்டர் பெர்ட்டில்லா இவளை மறக்காமல் பாங்காக்கில் பத்து நாள் மாணவர் முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்தார், பன்னிரண்டு பெண்கள், சென்னையிலிருந்து சிஸ்டர்களோடு விமானம், செலவெல்லாம் சபையே பார்த்துக்கொள்ளும். தபால் இலாகாவில் இருந்த அப்பா மூன்று நாள் இழுத்தடித்து நாலாம் நாள் சரி என்றார். பாஸ்போர்ட் கூட வந்தது, கருநீலத்தில், உள்ளே இரட்டைப் பின்னலோடு இவள். சென்னை வரைக்கும் வகுப்புத்தோழி ரீட்டாவின் குடும்பத்தோடு பகல் வண்டியில் போவதாக ஏற்பாடு. அன்றைக்குக் காலையில் ரீட்டாவுக்கு அம்மை போட்டுவிட்டது. அப்பா ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார், ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தார், இரு வரேன் என்று ஒவ்வொரு பெட்டியாக ஏறி இறங்கித் தோதான குடும்பம் தேடிப் போனார். அந்தப் பத்து நிமிஷம் இன்னும் நகங்களில் இருக்கிறது, சீட்டின் பச்சை ரெக்சினைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். எதிர் சீட்டில் ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், முப்பது வயசிருக்கும், மடியில் ஏதோ இங்கிலீஷ் புத்தகம், இரண்டு சுளை நீட்டினாள், எங்கே போறே என்றாள், பாங்காக் என்று இவள் சொன்னபோது ரெண்டு பேருமே சிரித்துவிட்டார்கள், அந்தப் பெட்டிக்கும் அந்த ஊர்ப் பேருக்கும் பொருத்தமே இல்லை. அப்பா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "யாரும் தோதா இல்ல. ஒரு இடத்துல பூரா பசங்க, இன்னொருத்தர் விழுப்புரத்துலயே எறங்கறாராம். எறங்கு." எதிர் சீட்டுப் பெண், நான் மெட்ராஸ்தான் சார் போறேன், நான் பாத்துக்கறேன் என்றாள். நன்றாகச் சொன்னாள், தெளிவாகச் சொன்னாள். அப்பா அவளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டைப் பார்த்தார். பிளாட்பாரத்துக்கு வந்த பிறகு சூட்கேஸைக் கை மாற்றிக்கொண்டே சொன்னார், "அதுவே தனியா வருது, அதை நம்பி என்னத்த விடறது?" வண்டி கிளம்பியது. ஜன்னலோர சீட்டு காலியாகவே போயிற்று, எதிரில் ஆரஞ்சோடு அவள். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை, ஹேமலதா அழவுமில்லை, கல்யாணமான புதிதில் முரளிதரனிடம் இதை வேடிக்கையாகத்தான் சொன்னாள், பாங்காக் போக விழுப்புரம் ஆளைத் தேடின கதை என்று, அவரும் நன்றாகச் சிரித்தார், ஆளுக்கொரு காபி குடித்தார்கள். தர்ஷினியிடம் சொன்னதில்லை. சொன்னால், தாத்தா சோ மீன் என்று இங்கிலீஷில் திட்டுவாள். அப்பா கெட்டவர் இல்லையடி. அவருக்கு அப்படித்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். துணைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் உன்னை யாரும் வண்டியை விட்டு இறக்க மாட்டார்கள். அந்த மணமேல்குடிக்காரரிடம் நான் உன்னை ஒப்படைக்கவில்லை, உன் சீட்டில் துண்டு போட்டு வைத்தேன். ஆனால் உனக்குத் துண்டு தேவையே இல்லை, நீயே ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். தனியாகப் போகிற பெண்ணை நம்பி ரெண்டு உயிரும் ரெண்டு அட்டைப்பெட்டியும் போயிற்று, அந்த அம்மாள் யோசிக்கக்கூட இல்லை, போனைத் தூக்கி அப்படியே உன் கையில் கொடுத்துவிட்டாள். அப்பா இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது, எழுந்து போயிற்று. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தாள், தன் மூக்குத்தான் தெரிந்தது. காவலர் பின்னால் போகும்படி கையை ஆட்டி, மேடம் பீச்சே என்றார். "தெரியும் தெரியும், உங்க கண்ணாடிய நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். ஒன்று ஐந்துக்கு, போனில் தர்ஷினியின் பெயருக்குக் கீழே அவள் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. ஹேமலதா மூச்சு விடாமல் பார்த்தாள், விட்டால் அணைந்துவிடும் என்பது மாதிரி. நின்றது. மறுபடி வந்தது. அவளும் வெட்டுகிறாளா, என்ன வெட்டுகிறாள், சிஸ்டரிடம் படிக்காமலே இது எங்கிருந்து வந்தது. மறுபடி நின்றது. ஒன்று பன்னிரண்டுக்கு வந்தது: போர்டிங். அவ்வளவுதான். ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து அனுப்பியிருந்தாள், குடும்ப குரூப்பில். முரளிதரன் உடனே கட்டைவிரல் போட்டார், விமானம் போட்டார், பூங்கொத்து போட்டார், பிரியாணிக்கு நடுவில் இத்தனைக்கும் எங்கே கை இருந்ததோ. ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும் என்று கேட்டாய், வந்துவிட்டது, இதோ, வைத்துக்கொள் என்று ஹேமலதா தனக்குத்தானே சொன்னாள். இது அந்த வார்த்தை இல்லையே என்று அடம் பிடிக்க இது என்ன கடையில் மாற்றிக் கேட்கிற ஜாக்கெட் துணியா. பதிலுக்கு என்ன எழுதலாம். ஓகே என்றால் கோபம் தெரியும். பத்திரம் என்றால் வகுப்பு. ஆளில்லாத வீட்டுக்கு இப்போது போக வேண்டும் என்றால் அது மிரட்டல், பாவம், அவள் தலையில் அதையும் ஏற்றுவதா, விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோதான் அனுமதி. நான் என்ன பார்சலா. இல்லை. நான்தான் விலாசம் எழுதி, பசை தடவி, எழுபது வருஷப் பழைய தபாலாபீஸில் முப்பது வருஷமாகக் கிடக்கிறேன் என்று ஒன்று மனசில் ஓடியது, ஓடவிட்டாள், அழகாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பக் கூடாது. யாரும் தன்னைக் கட்டிப்போடவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஒருவரும் எறங்கு என்று சொல்லவில்லை. ஏறவில்லை, அவ்வளவுதான். ஏறுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. முப்பது வீடியோ பார்த்தாயிற்று, அந்தப் பையன் எல்லாம் சொன்னான், எங்கே தூங்கலாம், எங்கே சாப்பிடலாம், எந்த பஸ், ஏறுவது எப்படி என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒன்று நாற்பது தாண்டி, ஒன்று ஐம்பத்தெட்டுக்குக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் கிளம்பி, பெஞ்சின் இரும்புக்குள் அதிர்ந்து, மேலே போயிற்று. வெயிலில் கண் கூசி எதையும் பார்க்க முடியவில்லை, வெள்ளையாக ஒன்று சாய்ந்து திரும்பியதோ என்னவோ. காவலர் கொட்டாவி விட்டார். ஹேமலதா குரூப்பை மூடி மகளின் பெயரை மட்டும் தேடி எடுத்து, போனை வாயருகே கொண்டுபோய் மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

"தர்ஷு, நீ இதை எப்பக் கேப்பியோ தெரியாது. நடக்கறது, சாப்பிடறது, பாஸ்போர்ட்டு, எல்லாம் உனக்குத் தெரியும், அதை விடு. எனக்கு ஒண்ணு தெரிய வேண்டியிருக்கு. துணைக்கு ஆளே இல்லாம ஒருத்தி முதல் தடவை ஒரு ஊர்ல போய் இறங்கினா, அன்னிக்குச் சாயங்காலம் என்ன பண்ணுவா? கையை எங்க வச்சுப்பா? யாரைப் பாத்துச் சிரிப்பா? ஹோட்டல்ல ஒரே ஒரு ஆள்னு சொல்லி எப்படி உக்காருவா? நீ பாத்து, ஒவ்வொண்ணா எனக்கு எழுதி அனுப்புடி. சுருக்காத. வயசு நாப்பத்தொன்பது, பாஷை ரெண்டு, வலது முட்டி கொஞ்சம் மக்கர். அதுக்குத் தகுந்த மாதிரி எழுது."